இன்ஸ்பெக்டர் அங்கிளின் மூக்கு

எந்த வீட்டுக்குள்ளும் அவர் நேராக நுழைந்து நான் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நிற்பார். தாடையைக் கொஞ்சம் தூக்குவார். கண்ணை மூடிக்கொள்வார். மூக்கின் இரண்டு துவாரங்களும் விரிந்து சுருங்கும். அதன் பிறகுதான் கண்ணைத் திறந்து, "எப்பிடி, எல்லாரும் சுகமோ?" என்று கேட்பார். அதற்குள் வீட்டுக்காரர்களின் முகம் செத்துப் போயிருக்கும்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அவரை இன்ஸ்பெக்டர் அங்கிள் என்பார்கள். சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தகப்பன் காலத்திலேயே யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே உத்தியோகத்துக்கு வந்த குடும்பம். உயரமான, ஒல்லியான மனிதர். சட்டைக் காலர் எப்போதும் விறைப்பாக இருக்கும். அவர் நடந்து வருவதைப் பார்த்ததும் தேநீர்க்கடைக்காரர்கள் மேசை துடைக்கிற துணியை ஒளித்து வைப்பார்கள். ஒருமுறை ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் தேநீர்க் கிளாஸை வாயருகே கொண்டுபோனவர், மூக்கருகே நிறுத்தி, முகர்ந்து பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

"இதை ஆர் கழுவினது?"

"ஐயோ அங்கிள், நீங்கதான் ரிட்டையர் ஆயிட்டீங்களே, சும்மா இருங்க லா" என்றார் கடைக்காரர்.

"நான் ரிட்டையர் ஆயிட்டன். என்ரை மூக்கு இன்னும் ஆகேல்லை."

கடையே சிரித்தது. பக்கத்து மேசையில் இருந்த நானும் சிரித்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிய நாளாயிற்று.

அவருடைய தமிழில் 'மணக்குது' என்றால் நாறுகிறது என்று பொருள். எங்கள் வீட்டில் மல்லிகை மணக்கும், ரசம் மணக்கும். அவருக்கு மனிதர்கள் மணந்தார்கள்.

நான் அவரை முதலில் பார்த்தது பிரிக்ஃபீல்ட்ஸில் அல்ல. பந்திங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார். நாங்கள் தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில் இருந்தோம். எழுபதுகளின் தொடக்கம், நான் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த வயது. ஒருநாள் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை கிராணியோடு ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் வந்தார். லயத்துப் பெண்களையெல்லாம் வெளியே வரிசையாக நிற்க வைத்துவிட்டு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று முகர்ந்தார். எங்கள் முறை வந்தது. உள்ளே போய், சுருட்டி வைத்திருந்த பாயை வெளியே எடுத்து வந்து எல்லோரும் பார்க்க உதறி விரித்தார். என் தம்பி இரவில் பாயில் மூத்திரம் போகிறவன்.

"இது வீடோ, ஆட்டுக்கொட்டிலோ? உங்கடை சனத்துக்கு எத்தினை தரம் சொல்லியும் விளங்காது" என்றார் அம்மாவைப் பார்த்து.

அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள். அன்று சாயங்காலம் அந்த நல்ல பாயை அடுப்படிக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தினாள். "அந்தாளு மூஞ்சியப் பாத்தியா? நம்மளப் பாக்கறப்ப செத்த எலியப் பாக்கற மாதிரி" என்றாள். அப்பா சமாதானம் சொன்னார்: "ஏம்மா, மருந்தடிச்சாரு, சாக்கடைய வெட்டச் சொன்னாரு. கொசு கொறஞ்சிருக்குல்ல?" கொசு குறைந்தது உண்மைதான். அம்மா அதற்குப் பிறகு பல காலம் யாராவது வாசலில் வந்து நின்றால், முதலில் வீட்டுக்குள் திரும்பிப் போய் ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவாள்.

நான் படித்து நர்ஸ் ஆனேன். கிள்ளானில் ஒரு தனியார் கிளினிக்கில் வேலை. எண்பதுகளின் நடுவில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சேவைக் குழு, ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றுக்குத் தொண்டர்கள் தேவை என்று ஆள் தேடியது. தான்சானியாவின் தெற்கே ஒரு மலைச்சரிவு. ஒரு சுகாதாரக்காரர், ஒரு நர்ஸ் போதும், ஓராண்டு. நான் பேர் கொடுத்தேன். பெரிய இலட்சியம் என்று சொல்ல மாட்டேன். எந்தத் தோட்டம், எந்த லயம் என்று யாரும் கேட்காத ஓர் இடத்தில் கொஞ்ச காலம் இருந்து பார்க்க வேண்டும் போலிருந்தது. அந்தச் சுகாதாரக்காரர் அவர்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

"அந்த மூக்கனோடயா போற?" என்றாள் அம்மா.

"அவருக்கு என்ன ஞாபகம் இருக்கப் போவுது லா" என்றேன்.

புறப்படுவதற்கு முன் அவர் வீட்டுக்கு ஒருமுறை கூப்பிட்டிருந்தார். ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கத்துப் பழைய வீடு. உள்ளே போனதும் என்னவோ ஒன்று இல்லாதது போலத் தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. அந்த வீட்டில் எந்த வாசமும் இல்லை. தாளித்த வாசம் இல்லை, ஊதுபத்தி இல்லை, எண்ணெய் இல்லை, துணியில் வெயில் வாசம் கூட இல்லை. சமையல் பின்னால் தனிக் கொட்டகையில் நடந்தது. அவருடைய மனைவி எனக்குத் தேநீர் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை. ஆனால் தலையில் பூ இல்லை.

"ஆன்டி, பூ வைக்க மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வாடினால் மணக்கும் எண்டு இவர் விடமாட்டார்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். கேட்கிறவர்களுக்கெல்லாம் அப்படித்தான் சிரித்திருப்பார் போல.

அந்தக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்த புதிதில், நானும் அம்மாவும் அந்த மனிதரைத் தப்பாக நினைத்துவிட்டோம் என்று நான் உண்மையாகவே நம்பினேன். அங்கே பள்ளிக்கூடத்துக் கழிவறைக் குழி நிரம்பி, மண் சுவர் உள்ளே சரிந்து கிடந்தது. ஈ மொய்த்தது. பள்ளி ஆசிரியர் ஜோசப், எங்களுக்கு மொழிபெயர்ப்பாளரும் அவர்தான், தூர நின்று கையைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் அங்கிள் சட்டையைக் கழற்றி மடித்துக் கல்லின் மேல் வைத்தார். சாரத்தை மடித்துக் கட்டினார். வாளியோடு குழிக்குள் இறங்கினார். வெறுங்கை. அறுபது வயது மனிதர் முழங்கால் அளவு அதில் நின்று அள்ளி அள்ளி மேலே கொடுத்தார். ஊரே கூடிப் பார்த்தது. நான் இரண்டு அடி பின்வாங்கினேன். அவர் முகத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லை.

"அங்கிள், உங்களுக்கு அருவருப்பா இல்லையா?"

"இதிலை என்ன அருவருப்பு பிள்ளை? இது எல்லாருக்கும் உள்ளதுதானே."

அன்று அவரைக் கும்பிட வேண்டும் போலிருந்தது. ஊர்க்காரர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். மறுநாளிலிருந்து அவரை 'ம்ஸே' என்று அழைத்தார்கள். பெரியவர் என்று பொருள்.

அந்த ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்வார்கள். பிடித்த கையை விடாமலே வீடு எப்படி, பிள்ளை எப்படி, ஆடு எப்படி, மழை எப்படி என்று எல்லாம் விசாரித்து முடிப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அங்கிள் மட்டும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தலையை ஆட்டுவார். நீட்டிய கைகள் அந்தரத்தில் நின்று, மெல்லக் கீழே இறங்கும். முதல் சில தடவை பழக்கமில்லை என்று நினைத்தேன். பிறகு கவனித்தேன். வாரத்துக்கு ஒருநாள் மாமரத்தில் தராசைத் தொங்கவிட்டுப் பிள்ளைகளை எடை பார்ப்போம். தாய்மார்கள் நெருங்கி வந்தால் அவர் காற்று வருகிற பக்கம் போய் நின்றுகொள்வார். ஒரு கிழவி நன்றி சொல்லத் தண்ணீர்க் குடுவையை நீட்டியபோது, குடுவையின் வாயை முகர்ந்து பார்த்துவிட்டு அவள் கண் முன்னாலேயே தரையில் கவிழ்த்தார்.

குழிக்குள் வெறுங்கையால் அள்ளியவர் ஒரு மனிதனின் கையைப் பிடிக்க மாட்டார். இது எனக்கு எவ்வளவு யோசித்தும் விளங்கவில்லை. மலத்தை அவர் வேலை என்று நினைத்தார். அதைக் கழித்தவர்களைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இப்படித்தான் பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீடு வீடாகப் போகத் தொடங்கினார். வாசலில் நிற்பது, தாடையைத் தூக்குவது, கண்ணை மூடுவது. இவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல ஜோசப் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். 'மணக்குது எண்டு சொல்லு.' 'இந்தப் போர்வை நாறுது எண்டு சொல்லு.' ஜோசப் சொல்லுவதற்கு முன்பே அந்தப் பெண்களுக்குப் புரிந்துவிடும். அதற்கு மொழி எதற்கு? பிள்ளைகள் முதலில் அவரைப்போல மூக்கைத் தூக்கி விளையாடினார்கள். பெரியவர்களும் சிரித்தார்கள். மெல்ல மெல்லச் சிரிப்பு நின்றது. நானும் அவரும் தங்கியிருந்த வீட்டைத் தாண்டிப் போகிற பெண்கள் சுற்றுப்பாதையில் போகத் தொடங்கினார்கள்.

மாமா நெய்மா என்று ஒரு பெண் இருந்தாள். அங்கே தாயை மூத்த பிள்ளையின் பேரோடு சேர்த்துத்தான் அழைப்பார்கள். 'மாமா' என்றால் அம்மா. நெய்மா அவள் மகள், பராகா இடுப்பில் இருந்த ஆண் குழந்தை. புருஷன் செத்துக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. எடை பார்க்கிற நாளில் முதலில் வந்து நிற்கிறவள் அவள்தான். எனக்கு அந்த மொழியின் பாதிச் சொற்கள் அவள் வாயிலிருந்து வந்தவை. நான் தப்பாகச் சொன்னால் குழந்தையைத் தொடையில் குதிக்கவிட்டு, "சிஸ்டருக்கு நாக்கில் முள்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

புருஷனுக்குக் கருமாதி மாதிரி ஒரு சடங்கு வைத்திருந்தாள். பக்கத்து ஊர்களிலிருந்து சனம் நடந்தே வரும். வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான், 'தோக்வா' என்கிற பானம். பெரிய மண்பானைகளில் செய்து வாழை இலையால் மூடிக் குடிசைக்குள் வைத்திருந்தாள். சடங்குக்கு முதல் நாள் மத்தியானம் அங்கிள் அந்தப் பக்கம் போயிருக்கிறார். நான் கிளினிக் அறையிலிருந்து கூச்சல் கேட்டு ஓடினேன். கத்தியது ஜோசப். "வேண்டாம் ம்ஸே, வேண்டாம்" என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு பானை காலியாகிக் கவிழ்ந்து கிடந்தது. இரண்டாவதை அவர் வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்திருந்தார். மூன்றாவதில் ஏற்கெனவே ஃபினாயிலை ஊற்றிவிட்டார். வாசல் முழுக்க வெளிர் பழுப்பு நிறத்தில் ஓடியது. ஃபினாயில் நெடிக்கு அடியிலிருந்து எனக்கு அந்த வாசம் வந்தது. புளிப்பும் மாவும் கலந்த வாசம். அது எனக்குத் தெரியும். முளைகட்டிய கேழ்வரகு. ஆடி மாதம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அண்டா அண்டாவாக ஊற்றுவார்களே, அதுதான்.

"அங்கிள், நிறுத்துங்க! இது கூழ்! கூழு அங்கிள்!"

"கூழோ? புளிச்சுப் பொங்கிப்போய்க் கிடக்கு. குடிச்சால் ஊர் முழுக்க வயித்தாலை போகும்."

"புளிக்கத்தான் வைப்பாங்க. எங்க தோட்டத்துல ஆடி மாசம்..."

அவர் பானையை விட்டு நிமிர்ந்தார். "உங்கடை தோட்டத்தையும் நான் வந்து பாத்தனான்தானே, பிள்ளை" என்றார். கோபமே இல்லாத குரல். "லோரிக்காரற்றை வீடு. பாய் மணந்த வீடு. முகம் மறந்தாலும் மணம் எனக்கு மறக்காது."

அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. அத்தனை மாதமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். என் உடம்பெல்லாம் கூசியது. என் கை தானாக என் சட்டைக் காலரைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனது. அந்தக் கணத்தை நினைத்தால் இன்றும் அவர் மேல் வருகிற வெறுப்பு குறையவில்லை. அவர் சொன்னதற்காக மட்டும் அல்ல, என்னை அப்படிச் செய்ய வைத்ததற்காக.

இரண்டாவது பானையையும் கவிழ்த்தார்.

மாமா நெய்மா அழவில்லை. சண்டை போடவில்லை. பானைகளை மூடியிருந்த வாழை இலைகளைப் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மறுநாள் விருந்தாளிகள் மலையேறி வந்தார்கள். ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு, கொடுக்க ஒன்றுமில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். செத்தவனை வெறும் தண்ணீரோடு அனுப்பிவைத்தார்கள்.

"அங்கிள், நீங்க போய் மன்னிப்புக் கேளுங்க" என்றேன்.

"எதுக்கு? அதைக் குடிச்சு நாப்பது பேருக்கு வயித்து வருத்தம் வந்திருந்தா ஆர் பாக்கிறது? நீதானே?" என்றார். அவர் உண்மையாகவே அப்படி நம்பினார். பொய்யாக இருந்திருந்தால் கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த எடை பார்க்கிற நாளில் ஒருவரும் வரவில்லை. தராசு மாமரத்தில் சும்மா ஆடியது. நானே வீடுகளுக்குப் போனேன். கதவைத் திறப்பார்கள், சிரிப்பார்கள், பிள்ளை தூங்குகிறான் என்பார்கள். உள்ளே வா என்று சொல்ல மாட்டார்கள். பிறகு மழை வந்தது. சரிவெல்லாம் சேறு. ஒரு காலை ஜோசப் நனைந்துகொண்டே வந்து, "மாமா நெய்மாவின் குழந்தை சரியில்லை போலிருக்கிறது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தார் பேசிக்கொள்கிறார்கள்" என்றார்.

நான் ஓடினேன். வாசலில் அவள் மறித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். நான் தனியாகத்தான் வந்தேன் என்று உறுதியான பிறகு விலகினாள். பராகாவுக்குக் கண் குழி விழுந்திருந்தது. தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது. நாக்கு காய்ந்திருந்தது. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டேன். வெளியே வழிந்தது. வண்டி வரப் பாதை இல்லை. தூக்கிக்கொண்டு மலையிறங்க நான் எழுந்தபோது என் கையிலேயே அவன் அடங்கிப் போனான்.

வெகுநேரம் கழித்துத்தான் அவளிடம் கேட்டேன், ஏன் என்னிடம் கொண்டு வரவில்லை என்று. குற்றம் சொல்கிற குரலில் அல்ல. அவளும் கோபமாகப் பதில் சொல்லவில்லை.

"வயிற்றால் போய்க்கொண்டே இருந்தது, சிஸ்டர். துணியெல்லாம் நாறியது. நானும் நாறினேன். கழுவிவிட்டுக் கொண்டு வரலாம் என்று பார்த்தேன். கழுவக் கழுவ மறுபடி போனான்."

ஈரத் துணி ஒன்றை மடித்துக்கொண்டே, "சுத்தமான பிறகு வரலாம் என்றுதான் இருந்தேன்" என்றாள்.

நான் வீட்டுக்குப் போய் அவரிடம் அதை அப்படியே சொன்னேன். ஒரு சொல்லையும் விடவில்லை. அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். உதடு ஒருமுறை துடித்தது. பிறகு கேட்டார்: "என்ன நிறத்திலை போனது?"

எழுந்து வெளியே போய்விட்டேன். இல்லாவிட்டால் அவரை அடித்திருப்பேன்.

குழந்தையைப் புதைத்த மறுநாள் மழை விட்டிருந்தது. மாமா நெய்மாவின் வாசலில் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் உட்கார்ந்திருந்தேன். கடப்பாரையோடு அவர் வந்தார். யாரையும் பார்க்கவில்லை. வீட்டுக்குப் பின்புறம் போய், காலால் மண்ணைத் தட்டிப் பார்த்து, ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துத் தோண்டத் தொடங்கினார். கழிவறைக் குழி. "இதை முதலே தோண்டியிருந்தா பிள்ளை தப்பியிருக்கும். சொன்னனான், கேக்கேல்லை" என்று என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார். ஒப்பாரியின் நடுவே கடப்பாரைச் சத்தம் விழுந்துகொண்டே இருந்தது.

இடுப்பளவு ஆழம் போயிருப்பார். ஊர் ஆண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். ஒருவர் குனிந்து அவர் கையிலிருந்த கடப்பாரையை மெதுவாக வாங்கிக்கொண்டார். உதவிக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அவர் குழிக்குள் ஓரமாக ஒதுங்கி, எங்கே வெட்ட வேண்டும் என்று விரலால் காட்டினார். அவர்கள் வெட்டவில்லை. கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போனார்கள். எங்கள் வீட்டு வாசலில் அதைக் கிடத்திவிட்டுப் போனதை நான் பிறகு பார்த்தேன். அவர் குழிக்குள் அப்படியே நின்றார். அவருக்கு மேலே ஏறக் கை கொடுக்க ஒருவரும் இல்லை. நானும் எழுந்திருக்கவில்லை. அவராகவே மண்ணைப் பற்றி, சறுக்கி, மறுபடி பற்றி ஏறி வந்தார்.

ஓராண்டு முடியும் முன்பே இரண்டு பேரையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். உடல்நிலை காரணம் என்று சொல்லப்பட்டது. மாமா நெய்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு எப்படி, அம்மா எப்படி, மழை எப்படி என்று எல்லாம் கேட்டாள். நான் எதையும் திருப்பிக் கேட்கவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் எங்களுக்கு வரவேற்பு வைத்தார்கள். அப்பா பந்திங்கிலிருந்து பஸ் ஏறி வந்து நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஸ்லைடு காட்டினார்கள். பள்ளிக்கூடக் கழிவறை, மாமரம், தராசு. பிறகு ஒரு குடிசை. மாமா நெய்மாவின் குடிசை. வாசலில் அவள் நிற்கிறாள், இடுப்பில் பராகா. அங்கிள் மைக்கில் சொன்னார்: "இந்த வீட்டிலை நான் கண்டது என்ன தெரியுமோ? பானை பானையா ஊத்தை. புளிச்சு, நுரைச்சு... உதைத்தான் அங்கை சனம் குடிக்குது." இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக் காட்டினார். மண்டபம் சிரித்தது. "நான் அதை ஊத்திவிட்டிருக்காட்டி எத்தினை உயிர் போயிருக்கும்?" கை தட்டினார்கள். முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். "எங்கடை நர்ஸ் பிள்ளையும் ரெண்டு வார்த்தை பேசட்டும்."

நான் பேசிப் பழகியவள் அல்ல. ஸ்லைடு இன்னும் சுவரில் இருந்தது.

"அவர் ஊத்துனது ஊத்தை இல்லைங்க, கூழு. நம்ம கோயில்ல ஊத்துவோமே, அதே கூழு. அவங்க வீட்டுக்காரர் கருமாதிக்கு வச்சிருந்தது" என்றேன். "அந்த இடுப்புல இருக்கிற புள்ள பேரு பராகா. வயித்தால போயி செத்துருச்சு. அவங்கம்மா என்கிட்ட தூக்கிட்டு வரல. நாறுதுன்னு சொல்லிடுவோம்னு பயந்துகிட்டு வரல."

சேவைக் குழுத் தலைவர் வேகமாக மைக்கை வாங்கி, நர்ஸ் அவர்கள் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார்கள், எல்லோருக்கும் தேநீரும் கறிபாப்பும் ஏற்பாடு செய்திருக்கிறோம் என்றார். நாற்காலிகள் நகர்ந்தன. போகிற வழியில் ஒருவர், "மேடையில இதெல்லாம் பேசலாமா?" என்று என் காதுபடச் சொன்னார்.

வெளியே அவர் எனக்காகக் காத்திருந்தார். கத்துவார் என்று நினைத்தேன்.

"நீ சொன்னதிலை பொய் இல்லை, பிள்ளை. ஆனா அது மணந்தது. அதையும் நீ சொல்லியிருக்க வேணும்" என்றார்.

பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். பந்திங் நெருங்கும்போது, "சிரிச்சிட்டேம்மா. எல்லாரும் சிரிக்கவும் நானும் சிரிச்சிட்டேன்" என்றார். வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அவரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்தப் பொம்பள இப்ப எப்படி இருக்கா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. பிறகும் தெரிந்துகொள்ள வழி இருக்கவில்லை.

அவர் அதற்குப் பிறகும் பல மண்டபங்களில் பேசினார் என்று கேள்விப்பட்டேன். சேவைக்காகச் சால்வை போர்த்தினார்கள். குழியில் இறங்கி அள்ளிய கதையைச் சொல்வார்களாம். அது நடந்த கதைதான். என்னைக் கேட்டால் நானும் அப்படியே சொல்வேன்.

கடைசியாகப் பார்த்தது தொண்ணூறுகளில். எனக்குக் கல்யாணமாகி, கிள்ளான் பக்கத்து மேருவில் குடியிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போயிருந்தோம். கணவர் காரை நிறுத்தப் போயிருந்தார். என் மகளுக்கு இரண்டு வயது, பக்கத்து நாற்காலியில் நின்றுகொண்டு அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். நிழல் விழுந்தது. நிமிர்ந்தேன். கூன் விழுந்திருந்தது. சட்டைக் காலர் மட்டும் அதே விறைப்பு. மனைவி போய்விட்டார் என்று சொன்னார். நான் வருத்தம் தெரிவித்தேன்.

"இது உன்ரை பிள்ளையோ?"

"ஆமாம் அங்கிள்."

குனிந்தார். அவள் கன்னத்தை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளினார். அந்தக் கிராமத்தில் எந்தக் குழந்தையையும் அவர் அப்படித் தொட்டு நான் பார்த்ததில்லை. "நல்ல சுத்தமான பிள்ளை" என்றார். குரலில் உண்மையான பிரியம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கைக்குட்டையை எடுத்தேன். கிளாஸில் இருந்த தண்ணீரில் நனைத்தேன். அவர் விரல் பட்ட இடத்தைத் துடைத்தேன். மகள் சிணுங்கினாள். மறுபடி நனைத்துத் துடைத்தேன். அவர் போகவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் கை கழுவிட்டுத்தான் வந்தனான், பிள்ளை" என்றார்.

"தெரியும் அங்கிள்" என்றேன். துடைப்பதை நிறுத்தவில்லை.